சங்கத்தின் உரிமையும் கடனும்

தனித்து நின்று கூலி பேசும் தொழிலாளியும் அவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனமும் சமமானவர்கள் அல்லர். அவர் நின்றுவிட்டால் ஆலை மறுநாளும் ஓடும். ஆலை அவரை நிறுத்திவிட்டால் அடுத்த மாத வாடகைக்கே வழியிராது. தொழிற்சங்கத்துக்கான நியாயம் இந்த ஏற்றத்தாழ்விலிருந்து பிறக்கிறது. எனவே அதனால் நன்மையா தீமையா என்பதைக் கூலி உயர்வையும் உற்பத்தி இழப்பையும் கூட்டிக் கழித்து மட்டும் முடிவு செய்ய இயலாது. சங்கம் யாருக்காகப் பேசுகிறது, அவர்கள் அதைத் தாமே தேர்ந்தார்களா, நிர்வாகம் காதுகொடுக்கிறதா என்பவற்றையும் பார்க்க வேண்டும்.

சென்னைப் பெரம்பூரின் பின்னி ஆலைத் தொழிலாளர்களை ஒன்றுசேர்த்து 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு ஆகியோர் துணைநின்றனர். மதிய உணவுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது போன்ற எளிய குறைகளே முதலில் பேசப்பட்டன. 1920இல் கதவடைப்பு வந்தது. ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாக வாடியா முதலியோர்மீது நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. வாடியா சங்கத்தை விட்டு விலகிய பிறகே வழக்கு கைவிடப்பட்டது. தொழிலாளருக்காகப் பேசியவரை நீதிமன்றத்தின் வழியே வெளியேற்ற முடிந்தது என்பது பெரிய அநீதி. இத்தகைய வழக்குகளிலிருந்து பதிவு பெற்ற சங்கங்களுக்குப் பாதுகாப்பளித்தது 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம்.

அதே சங்கத்தின் 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் வேறொரு பாடம் சொல்கிறது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. மாதக்கணக்கில் நீண்ட போராட்டம் தோற்றது. வேலைக்குத் திரும்பியவர்களைத் துரோகிகள் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் சேரியில் வாழ்ந்தவருக்குச் சங்கம் எந்த அளவுக்குத் தன் சங்கமாக இருந்தது என்ற கேள்வி அதற்கு முன்னால் நிற்கிறது. சாதியை வாசலில் விட்டுவராத ஒற்றுமை பட்டினி நாள்களில் தாங்காது.

பம்பாயில் 1982 ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தம் சங்கங்களால் வரும் கேட்டுக்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுகிறது. தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் வேலையை நிறுத்தினர். அது முறைப்படி முடிவுக்கு வராமலே கரைந்துபோனது. பல ஆலைகள் மீண்டும் திறக்கவில்லை. தொழிலாளர் குடும்பங்கள் அடைந்த அழிவை யாராலும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதன் வேர் வேறிடத்தில் இருந்தது. பம்பாய்த் தொழில் உறவுச் சட்டம் ஒரே ஒரு சங்கத்துக்குத்தான் பேரம்பேசும் அங்கீகாரம் தந்திருந்தது. அந்தச் சங்கத்தின்மீது பெரும்பாலான தொழிலாளருக்கு நம்பிக்கை போயிருந்தும், அதை மாற்ற நேரான வழி இல்லை. ஆலைகளோ பழைய இயந்திரங்களோடு நலிந்திருந்தன. துணி உற்பத்தி விசைத்தறிகளுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. எனினும் சாமந்தின் பொறுப்பு முற்றிலும் நீங்கிவிடாது. தோல்வி தெளிவான பின்னும் பின்வாங்க வழி தேடாத தலைமை, தொண்டர்களின் வயிற்றை ஈடுவைக்கிறது.

நிறுவனத்தின் பக்கக் கணக்கை அமெரிக்கப் பொருளியலாளர்களான ரிச்சர்ட் ஃப்ரீமனும் ஜேம்ஸ் மெடாஃபும் 1984இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தனர். சங்கம் கூலியை உயர்த்தி லாபத்தைக் குறைக்கிறது. அதேவேளை குறையைச் சொல்ல வழியிருப்பதால் தொழிலாளர் வேலையை விட்டுப் போவதும் குறைகிறது என்பது அவர்கள் கண்டது. பழகிய கைகள் நிலைத்திருப்பது நிறுவனத்துக்கும் ஆதாயமே.

இன்று கடினமான கேள்வி வேறு. இந்தியாவின் பதிவுபெற்ற ஆலைகளில் வேலை செய்யும் தொழிலாளரில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் ஒப்பந்தக்காரர் வழியே வந்தவர்கள். நிரந்தரத் தொழிலாளியின் அருகிலேயே நின்று அதே வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்பவரும் இவர்களில் உண்டு. இவர்களைச் சேர்க்காமல் நிரந்தரத் தொழிலாளருக்கு மட்டும் ஊதிய ஒப்பந்தம் போடும் சங்கம், நிறுவனம் மிச்சப்படுத்தும் பணத்தில் தானும் பங்கு பெறுகிறது. நெய்வேலியில் 2012இல் பணி நிரந்தரம் கேட்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களும் உறுப்பினராகச் சேர 1926ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை ஏதும் இருக்கவில்லை. சேர்த்துக்கொள்ளும் மனம் சங்கங்களிடம்தான் இருக்க வேண்டும்.