திதி தெரியாதவர்கள்

பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய இரண்டு பாட்டுகள் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கின்றன. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் அரசன் அம்பு விடுமுன் அறிவிக்கிறான்: பசுக்களும் பார்ப்பனரும் பெண்களும் நோயாளிகளும், தென்புலத்தாருக்குக் கடன் செய்யப் பிள்ளை பெறாதவர்களும் பத்திரமான இடத்துக்குப் போய்விடுங்கள். பதினைந்தாம் பாட்டில் அதே அரசன் பகைவர் ஊரைக் கழுதை பூட்டி உழுகிறான்; அவர்கள் வயலில் தேரோட்டுகிறான்; காவல் மிகுந்த குளத்தில் யானையை இறக்குகிறான். புலவர் இரண்டையும் புகழாகவே சொல்கிறார். அந்த வயலில் விதைத்தவன் எங்கே போனான், அந்தக் குளத்துத் தண்ணீரைக் குடித்தவள் என்ன ஆனாள் என்று பாட்டு கேட்கவில்லை.

வேற்று மண்ணில் இறங்கும் படையோடு அறமும் கூடப் போகிறதா, எல்லையிலேயே நின்றுவிடுகிறதா? கிள்ளானில் பிறந்த எனக்கு இந்தக் கேள்வி வீட்டிலிருந்தே வந்தது. என் அப்பாவின் அப்பா, ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர்.

1942 ஜனவரி 11ஆம் தேதி ஜப்பானியப் படை கோலாலம்பூரைப் பிடித்தது. ரப்பரை வாங்க ஆளில்லாமல் தோட்டங்களில் வேலை நின்றது, அரிசியும் இல்லை. காப்பார் சாலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணி பேர் கூப்பிட்டபோது தாத்தாவுக்கு 27 வயது. மூன்று மாசம், நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு உண்டு என்றார்கள். அடுத்த ஆண்டில் அந்த ஆசை வார்த்தையும் இல்லை. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கதவை அடைத்து லாரியில் ஏற்றிய கதை கிள்ளான் பள்ளத்தாக்கில் பல குடும்பங்களில் உண்டு. சரக்கு ரயில் பெட்டிகளில் அடைத்துச் சயாமின் பான் போங் வரை கொண்டுபோனார்கள். மலாயாவின் கிழக்குக் கரை ரயில் பாதையின் தண்டவாளங்களையும் பெயர்த்து அங்கேதான் அனுப்பினார்கள். நம் நாட்டு இரும்பும் நம் ஆட்களும் ஒரே பக்கம் போயின.

415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் உழைத்தார்கள். ஏறத்தாழ 12,500 பேர் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர் சாவு 90,000 வரை இருக்கும் என்கிறார்கள். கைதிகளுக்கு இருப்பது பெயர்ப் பட்டியல், நம்மவர்களுக்கு இருப்பது உத்தேசக் கணக்கு.

போர்க்கைதிகளைப் பற்றி 1929இலேயே ஜெனீவாவில் ஒப்பந்தம் இருந்தது. ஜப்பான் கையெழுத்திட்டது, உறுதிசெய்யவில்லை. 1942இல் அதை அனுசரிப்பதாக மட்டும் வாக்களித்தது. அந்த வாக்கு காற்றில் போனது. ஆனாலும் கைதிகளோடு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தார்கள், ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், பெயர் எழுதுகிறவர்கள் இருந்தார்கள். 1943இல் காலரா வந்தபோது அந்த டாக்டர்கள் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கவிடவில்லை. பெரும்பாலான தமிழர் கொட்டகைகளில் அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை. இன்று காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கைதிகளின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்கள் குழிகளில் கிடக்கிறார்கள்.

எழுதிவைத்த சட்டம் இல்லாத இடத்தில் குற்றம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. தோக்கியோ விசாரணையில் நீதிபதி ராதாபினோத் பால், செயலுக்குப் பிறகு செய்த சட்டத்தால் யாரையும் தண்டிக்கக் கூடாது என்று தனித்தீர்ப்பு எழுதினார். போர் தொடுத்த குற்றத்தைப் பற்றிய அந்த வாதத்தில் கனம் இருக்கிறது. பிடிபட்ட நாடுகளின் மக்களுக்கு நேர்ந்த கொடுமைகளுக்குச் சாட்சியம் மலைபோல் இருப்பதை அவரும் மறுக்கவில்லை.

சட்டம் அடியோடு இல்லாமலும் இல்லை. 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள், பிடித்த நாட்டு மக்களின் உயிரையும் குடும்ப மானத்தையும் மத நம்பிக்கையையும் மதிக்கச் சொல்கின்றன. அந்த விதிகள் சேர்ந்த ஒப்பந்தத்தின் முன்னுரையில் ருஷ்ய சட்ட அறிஞர் மார்ட்டென்ஸின் பெயரால் வழங்கும் வாசகம் ஒன்று உண்டு: ஒப்பந்தம் பேசாத இடத்திலும் மக்கள் மனிதநேயத்தின், பொது மனசாட்சியின் காவலில்தான் இருக்கிறார்கள். சட்டப் புத்தகம் மனசாட்சியை இப்படிச் சாட்சிக்கு அழைப்பதை நான் பெரிய விஷயமாகக் கருதுகிறேன். எழுதப்படாததும் கட்டுப்படுத்தும் என்று அரசுகளே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட இடம் அது.

1949 ஆகஸ்ட் 12இல் வந்த நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் மீதி ஓட்டையை அடைத்தது. பிடித்த நாட்டு மக்களை வலுக்கட்டாயமாக வேறு நாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்கிறது 49ஆம் பிரிவு. வேலை வாங்கினாலும் அவர்கள் இருக்கும் அந்த நாட்டுக்குள்ளேயே வாங்க வேண்டும் என்கிறது 51ஆம் பிரிவு. தாத்தாவின் கதையைக் கேட்டுவிட்டு எழுதினார்களோ என்று தோன்றும்.

அப்பாயி பொட்டை அழிக்கவில்லை. செத்தார் என்று யார் வந்து சொன்னார்கள் என்பாள். அவள் போன பிறகுதான் அப்பா, புரட்டாசி மகாளய அமாவாசையில் மோரிப் கடற்கரையில் தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார். புரோகிதர் பெயர் கேட்டார், கோத்திரம் கேட்டார், திதி கேட்டார். "தெரியாதுங்க சாமி." எந்த ஊர்? "சயாமா பர்மாவா, அதுவும் தெரியாது." தர்ப்பையை விரலில் திருத்தியபடி, தெரியாதவர்களுக்கு இந்த அமாவாசைதான் என்று மந்திரத்தைத் தொடர்ந்தார்.

பிள்ளை இல்லாதவர்களை முதுகுடுமி ஏன் விலகச் சொன்னான் என்பது அன்று எனக்கு விளங்கியது. போர் உயிரை எடுக்கலாம், இறந்தவனுக்கும் இருப்பவனுக்கும் உள்ள கடனை அறுக்கக் கூடாது. தாத்தாவுக்குப் பிள்ளை இருந்தும் அந்தக் கடன் அறுந்தது. இறந்தவரின் பெயரைப் பதிவு செய்வதும், புதைத்த இடத்துக்கு அடையாளம் வைப்பதும், வீட்டுக்குத் தகவல் அனுப்புவதும் ஜெனீவா ஒப்பந்தங்களில் கடமைகளாக இருக்கின்றன. அலுவலக வேலை போலத் தெரியும் இவற்றை நான் சமயக் கடமைக்கு நிகராகவே வைக்கிறேன்.

ஜப்பானியரைச் சுட்டும் விரல் நம் பக்கமும் திரும்ப வேண்டும். பிரிக்பீல்ட்ஸில், ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலுக்கு வருபவர்களில் யாழ்ப்பாண வேர் உள்ளவர்கள் நிறையப் பேர். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். அமைதி காக்க வந்த இந்தியப் படை யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்தது. இரண்டு நாளில் நோயாளிகள், டாக்டர்கள், தாதிகள் என 60 பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்தியா 1950இலேயே ஜெனீவா ஒப்பந்தங்களை உறுதிசெய்த நாடு. இலங்கை அரசின் அழைப்பில் போனது, உள்ளிருந்து புலிகள் சுட்டார்கள் என்ற எந்தச் சமாதானமும் படுக்கையில் கிடந்த நோயாளியைத் தொடாது. ஜப்பானியருக்கு ஒரு தராசு, நாம் வணங்கும் பூமியின் படைக்கு இன்னொரு தராசு என்றால் நாம் பேசுவது அறமே இல்லை.

1967இல் ஜப்பான் மலேசியாவுக்கு 2.5 கோடி வெள்ளி மதிப்பில் பொருளும் சேவையும் தந்து கணக்கை முடித்தது. கொட்டகையில் செத்தவர்களின் குடும்பங்களைத் தேடி யாரும் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒருவர் இருந்தால், விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பெயர், தகப்பன் பெயர், தோட்டம், போன வருஷம் இவற்றை ஒரு தாளில் எழுதி, கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். ஒன்றை வீட்டில் வைத்திருங்கள்.