வினையும் கருவியும்

வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தை பிறந்த வீட்டுக்கு மருத்துவரின் விளக்கம் வந்து சேர்வதற்கு முன்பே, 'யார் செய்த வினையோ' என்ற சொல் வந்து சேர்ந்துவிடுகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளின் வானம் பார்த்த கரிசல் ஊர்களிலும், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் சூழ்ந்த பந்தல்குடியிலும் இச்சொல்லை உரைப்போர் பெரும்பாலும் கொடுமனம் உடையவர்கள் அல்லர். பெற்றவளுக்கு ஆறுதல் கூற வந்த உறவினர்களே அதை உரைக்கின்றனர். ஆயினும் அதன் விளைவு கடுமையானது. வினை என்று ஒருமுறை முடிவாகிவிட்டால், தேட வேண்டியது பரிகாரமே என்றாகி, பயிற்சியும் பள்ளியும் பின்னுக்குத் தள்ளப்பட்டு, குழந்தை கற்கக்கூடிய முதல் ஐந்தாறு ஆண்டுகள் கோயில் கோயிலாகச் சென்றே கழிந்துவிடுகின்றன. ஆகவே, வினைக்கொள்கை உண்மையில் இம்முடிவைத்தான் சொல்கிறதா என்ற கேள்வி ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்து ஒரு குழந்தையின் கல்வி அமைகிறது.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கும். பல பிறவிகளில் ஈட்டிக் குவிந்து கிடப்பது சஞ்சிதம். அக்குவியலிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்து சேர்ந்திருப்பது பிராரத்தம். அதை நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். வினை அறிவற்ற சடப்பொருள் ஆதலால் அது தானாகச் சென்று உயிரைப் பற்றாது என்றும், அதைக் கூட்டுவிப்பவன் இறைவனே என்றும், அவன் அவ்வாறு கூட்டுவிப்பதும் உயிரைப் பக்குவப்படுத்தும் கருணையாலேயே என்றும் அந்நெறி வலியுறுத்துகிறது. இவ்வாறாயின், பிறிதோர் உயிரின் சஞ்சிதமும் பிராரத்தமும் அயலாரின் அறிவுக்கு எட்டாதவை; அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எவருக்கும் கிடையாது. அயலார் கையில் உள்ளது அவர்களுடைய ஆகாமியம் மட்டுமே. குழந்தையைக் கண்டு விலகிச் செல்வதும் ஒரு வினை, பள்ளிக்கு வழி சொல்வதும் ஒரு வினை. தன் துயரைத் தாங்குவதற்காக ஒரு தாய் வினையை நினைத்து மனம் தேறுவது வேறு, மறுமொழி சொல்ல இயலாத குழந்தையின் மீது ஊரார் அதைச் சுமத்துவது வேறு. முன்னதை மதிக்கலாம், பின்னதற்குச் சித்தாந்தத்தில் இடமில்லை.

இதனினும் ஆழமான கருத்து, உயிரின் அறிவைப் பற்றிய சித்தாந்தக் கொள்கையில் உள்ளது. உயிர் அறியும் இயல்புடையதாயினும், ஆணவ மலம் என்னும் அறியாமை இருளால் மறைக்கப்பட்டிருப்பதால் துணையின்றி எதையும் அறியாது. அதற்குத் துணையாக மாயை என்னும் மூலப்பொருளிலிருந்து தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கும் தரப்படுகின்றன. இவை முறையே உடல், மனம் முதலிய உட்கருவிகள், வாழும் உலகம், நுகர்பொருள்கள் ஆகும். விடியும்வரை ஏற்றி வைக்கும் விளக்கைப் போன்றது மாயை என்று சித்தாந்த நூல்கள் விளக்கும். இக்கொள்கையின்படி, தன் அறிவினாலேயே அறிகின்ற உயிர் உலகில் ஒன்றுகூட இல்லை; கண்ணால் படிப்பவரும் இரவல் கருவியால்தான் படிக்கிறார். அவ்வாறாயின் பிரெய்ல் நூலும், காது கேட்கும் கருவியும், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் செயலியும், சிறப்பாசிரியரின் பயிற்சியும் இரக்கத்தால் இடப்படும் பிச்சை ஆகமாட்டா. எல்லா உயிர்களுக்கும் பொதுவான ஏற்பாட்டின் தொடர்ச்சியே அவை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் தண்டியடிகள் வரலாறு இதற்கு நேரடிச் சான்று. பிறவியிலேயே பார்வையற்ற அவர் திருவாரூர்க் குளத்தைத் தோண்ட எண்ணியபோது, குளத்துக்குள் ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண்ணைச் சுமந்து கொட்டினார். பின்னர் அவர் பார்வை பெற்ற அற்புதத்தையே வழிவழியாகப் பேசிவருகிறோம். கயிற்றைப் பேசுவது அரிது. தொண்டு தொடங்கியதோ கயிற்றால்தான், பார்வை வருவதற்கு முன்பே.

திருச்சுழியில் 1879இல் பிறந்த இரமண மகரிஷியின் வாழ்விலும் இக்கேள்விக்கு ஒளி தரும் செய்தி உண்டு. 1901-02 அளவில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் அவரிடம் கேட்ட கேள்விகளுக்கு, பேசாதிருந்த அவர் விடைகளை எழுதியே காட்டினார், 'நான் யார்?' என்ற நூல் அவ்வாறு உருவாயிற்று. உடலும், ஐம்பொறிகளும், எண்ணும் மனமும் 'நான்' ஆகா என்பது அந்நூலின் அடிப்படை. மகரிஷியின் மௌனம் அவரே மேற்கொண்டது, பேச்சு வராத குழந்தையின் நிலை அத்தகையதன்று என்ற வேறுபாடு உண்மையே. எனினும், பேச்சையும் கணக்குப் போடும் திறனையும் கொண்டு ஓர் ஆளின் மதிப்பை அளக்கலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடிப்படை வேண்டியதில்லை.

இந்திய நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இதே இடத்துக்கு வேறு வழியில் வந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை வழங்குகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் பணியாற்றுகின்றனர். பள்ளிக்கு வர இயலாத குழந்தைக்கு வீட்டுக்கே சென்று பயிற்சி தரவும் ஏற்பாடு உண்டு. தீப்பெட்டி, பட்டாசு, நெசவு, கூலி வேலை என்று நாள் முழுதும் உழைக்கும் குடும்பங்களுக்கு இவை பற்றிய செய்தி போய்ச் சேருவதில்தான் குறை. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும், 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது பரவிய இணையவழிப் பாடங்களும் வீட்டுக்குள் கல்வியைக் கொண்டுவந்தன. ஆனால் கருவி அனைவருக்கும் ஒன்றுபோல் பயன்பட்டுவிடவில்லை. பாடநூலின் பக்கத்தில் அச்சிட்ட க்யூஆர் கோடு பார்வையற்ற குழந்தையின் விரலுக்கு வெறும் தாள்தான். படமாக ஸ்கேன் செய்த பக்கத்தின் முன் திரைவாசிப்பான் வாயடைத்துப் போகும். சைகைமொழி இல்லாத காணொலி செவித்திறன் அற்ற குழந்தைக்கு அசையும் உதடுகள் மட்டுமே.

விளக்கைத் தருகின்ற மாயையே மயக்கவும் செய்யும் என்பதையும் சித்தாந்தம் மறைப்பதில்லை. எவரையும் எளிதில் நம்பும் அறிவுசார் குறைபாடுள்ள சிறுமியிடம் இணையத்தில் அன்பாகப் பேசி, படம் கேட்டு, பின்னர் மிரட்டுவோர் உண்டு. அச்சத்தால் கைப்பேசியைப் பிடுங்கிவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. சைகையால் தோழியுடன் பேசுவதற்குக் காணொலி அழைப்பையே நம்பியிருக்கும் குழந்தைக்கு அது வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும். உடனிருந்து பார்ப்பதும், முன்பின் அறியாதவர் படம் கேட்டால் வீட்டில் சொல்லப் பழக்குவதும், சொன்ன குழந்தையை ஏசாதிருப்பதும் பாதுகாப்பின் முதற்படிகள். 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. சட்டப்படி காப்பாளர் உள்ள மாற்றுத்திறனாளிக்கும் அதே விதியை வைத்து, வளர்ந்தவரையும் குழந்தையின் வரிசையில் நிறுத்துகிறது. காவல் தேவை என்பதை ஏற்றாலும், 'நான்' என்று தன்னை உணர்கின்ற ஒருவரின் விருப்பத்தைக் கேளாமலே முடிவெடுக்கும் உரிமையைக் காவல் எவருக்கும் தந்துவிடாது. மருத்துவ முகாமிலும் உதவி வழங்கும் விழாவிலும் குழந்தையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடும் நல்லெண்ணத்தாருக்கும் இது பொருந்தும்.

பள்ளிக்கு வராமல் வீட்டிலேயே இருக்கும் குழந்தை தெருவில் உண்டென்று அறிந்தவர்கள், வினை பேசுவதை விட்டு, அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடமோ வட்டார வள மையத்திலோ அச்செய்தியைத் தெரிவிக்க வேண்டும். குழந்தைக்கு இணையத்தில் தொல்லை நேர்ந்தால் 1098 என்ற எண்ணிலும், இணையவழி மோசடி நடந்தால் 1930 என்ற எண்ணிலும் கட்டணமின்றி உதவி கேட்கலாம்.