மூன்று தரம் அடித்து நிறுத்திவிட்டாயோ?



எலிசா தீர்க்கதரிசி வியாதிப்படுக்கையில் கிடந்தபோது யோவாஸ் ராஜா அழுதுகொண்டு வந்தான் (2 இராஜாக்கள் 13:14-19). தீர்க்கதரிசி அவனை வில்லெடுக்கச் சொல்லி, தன் கைகளை ராஜாவின் கைகள்மேல் வைத்தார். கிழக்கு ஜன்னல் வழியாய் அம்பு பறந்தது. பிறகு, அம்புகளால் தரையை அடிக்கச் சொன்னார். ராஜா மூன்று தரம் அடித்தான், நின்றுவிட்டான். தேவமனுஷனுக்குக் கோபம் வந்தது. ஐந்தாறு தரம் அடித்திருந்தால் சீரியர் முற்றிலும் ஒழிந்திருப்பார்களே! அம்பு தீரவில்லை, கையும் ஓயவில்லை. ராஜாதான் நிறுத்தினான்.

நம்முடைய நாட்களில் வில்லைப் பிடித்த ஒரு பெண்ணைப் பாருங்கள். ராஞ்சிப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவருடைய மகள் தீபிகா குமாரி. சிறுவயதில் மாங்காய்க்குக் கல்லெறிந்து குறி பழகியவர். 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம். 2012-ல் உலகத்திலேயே முதலிடம். அதே வருஷம் லண்டன் ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே தோல்வி!

ஒலிம்பிக்கில் இலக்கு 70 மீட்டர் தூரத்தில் நிற்கும். பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் குறுக்களவு 12 சென்டிமீட்டர் சொச்சம்தான். நம் வீட்டுச் சாம்பார் கிண்ணம் அவ்வளவு இருக்கும். காற்று கொஞ்சம் திரும்பினாலும் அம்பு விலகிவிடும்.

2016-ல் ரியோவிலும் பதக்கம் இல்லை. 2021 ஜூனில் பாரிஸ் உலகக் கோப்பையில் ஒரே நாளில் மூன்று தங்கம், மறுபடியும் முதலிடம். அடுத்த மாதமே டோக்கியோ ஒலிம்பிக்கில் காலிறுதியில் தோல்வி. 2022 டிசம்பரில் பெண் குழந்தை பிறந்தது. கைக்குழந்தைக்காரி மறுபடியும் வில்லெடுத்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக். காலிறுதியில் 4-6 என்று கைநழுவிப்போயிற்று. நாலு ஒலிம்பிக், ஒரு பதக்கமும் இல்லை. நாமாயிருந்தால் வில்லைப் பரண்மேல் போட்டிருப்போம். அவரோ 2025 மே மாதம் ஷாங்காய் உலகக் கோப்பையில் நின்று வெண்கலம் வாங்கினார்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது. ஏனென்றால் நானும் ஒரு யோவாஸ்தான்.

திண்டிவனத்தில் குடியினால் நொறுங்கிப்போன ஒரு குடும்பம். விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் ஏறி மூன்று வாரம் ஜெபிக்கப் போனேன். மூன்று வாரமும் அந்தச் சகோதரர் போதையில் கிடந்தார். "இந்தக் கேஸ் ஆகாது" என்று விட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்து விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவருடைய மனைவியைப் பார்த்தேன்.

"ஐயா, நாலாவது வாரம் அவரு குடிக்கலிங்க. காலையிலயே குளிச்சு, சலவைச் சட்டை போட்டுக்கிட்டு, பாஸ்டர் வருவாருன்னு திண்ணையில உக்காந்திருந்தாரு. நீங்கதான் வரல."

எனக்குப் பேச்சு வரவில்லை. அன்று ராத்திரி முழங்காலில் நின்று அழுதேன்.

இப்போது வியாழன்தோறும் போகிறேன். பூரண விடுதலை இன்னும் வரவில்லை. போன வியாழன் தெளிந்த புத்தியோடு கூட உட்கார்ந்து ஜெபித்தார். அதற்கு முந்தின வியாழன் இல்லை. எத்தனை தரம் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

தேவபிள்ளையே, புருஷனுக்காக, பிள்ளைக்காக ஏறெடுத்த ஜெபத்தை எத்தனாவது தரத்தில் நிறுத்தினாய்? ராஜாவின் கைமேல் வைக்கப்பட்டது சாகப்போகிற ஒரு மனுஷனின் கை. உன் கைமேலிருப்பதோ என்றென்றைக்கும் ஜீவிக்கிறவருடைய கரம். இன்று ராத்திரியே அடுத்த அம்பை எடு. நாலாவது வாரம் உனக்காக யாரோ திண்ணையில் காத்திருக்கலாம்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.