கணக்குக் கேட்பது சுயநலமா?

போன வருடம் எங்கள் பல்கலைக்கழக மாதிரி விமானக் கிளப்புக்கு நான்தான் பொருளாளர். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். முப்பது உறுப்பினர்கள், ஓர் அலமாரி நிறைய பால்சா மரத் துண்டுகள், சார்ஜ் நிற்காத பேட்டரிகள், பிஸ்கட் டின்னில் கொஞ்சம் பணம். அவ்வளவுதான்.

பேட்டரி விலை ஏறியது. செயலவையில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து பேசி, சந்தாவை 20 வெள்ளியிலிருந்து 50 வெள்ளி ஆக்கினோம். அதே நேரத்தில் ஒரு கடைக்காரர் ஆயிரம் வெள்ளி தருவதாகச் சொன்னார். பதிலுக்கு விமான இறக்கைகளில் அவர் கடைப் பெயரை ஒட்ட வேண்டும்; சனிக்கிழமை காலையில் திடல் அவருடைய வாடிக்கையாளர்களுக்கு. சரி என்றோம். உறுப்பினர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி போட்டோம்.

இரண்டு வாரத்தில் எட்டுப் பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அதில் ஒருவர், எனக்கு சோல்டரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த சீனியர் அண்ணன். ஒருநாள் ஜார்ஜ்டவுனில் ஒரு தே தாரே கடையில் அவரைப் பிடித்தேன்.

"என்ன அண்ணே, முப்பது வெள்ளி ஏத்தினதுக்கா இவ்வளவு கோவம்?"

"முப்பது வெள்ளி இல்லடா தம்பி. மூணு வருஷமா அந்தத் திடல்ல புல் வெட்டினவன் நான். அத வேற ஆளுக்கு விடறப்ப என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "தொண்டுன்னு செஞ்சா பலனை எதிர்பார்க்கக் கூடாது அண்ணே" என்றேன். இளைஞர் முகாம்களில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான வாக்கியம். அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்து முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. இலாப நோக்கில்லாத ஒரு சங்கத்தில் உழைத்தவன், பணம் எங்கே போகிறது என்று கேட்டால், அது பலனை எதிர்பார்ப்பதா?

எங்கள் கிளப்பில் எல்லோரும் மரியாதையோடு சொல்லும் பெயர் ஒன்று உண்டு: அமெரிக்காவின் எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன். வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களின் சங்கம். 1953-இல் பால் போபரெஸ்னி என்பவர் மில்வாக்கி நகரில் சில நண்பர்களோடு தொடங்கினார். அவர் வீட்டு நிலவறைதான் முதல் அலுவலகம். 800 டாலருக்குள் ஒரு சிறு விமானம் கட்டுவது எப்படி என்று 1955-இல் ஒரு பத்திரிகையில் அவர் எழுதியது பலரைச் சங்கத்தின் பக்கம் இழுத்தது. இன்று 2 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். 1970 முதல் கோடைக்காலத்தில் ஓஷ்கோஷ் நகரில் அவர்கள் நடத்தும் விழாவுக்குப் பல்லாயிரம் விமானங்கள் வருகின்றன. அந்த ஒரு வாரம் உலகிலேயே அதிக வேலை அந்த ஊர் விமான நிலையக் கோபுரத்துக்குத்தான். இதையெல்லாம் தாங்குவது சம்பளமில்லாத ஆயிரக்கணக்கான தொண்டர்கள்.

அங்கேயும் எங்கள் கதைதான் நடந்தது. 2012 விழாவில் பெரிய நிறுவனங்களுக்கான விருந்தினர் கூடாரங்களை ஓடுபாதை ஓரத்தில் வரிசையாகப் போட்டார்கள். ஆண்டுக்கணக்காகப் புல்தரையில் உட்கார்ந்து விமானம் பார்த்த சாதாரண உறுப்பினருக்குக் கூடாரத்தின் முதுகுதான் தெரிந்தது. "இது யாருடைய சங்கம்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் தலைவர் பதவி விலகினார். குடும்பக் காரணம் என்று சொல்லப்பட்டது. புதிய தலைமை உறுப்பினர்களின் குரலுக்குக் காது கொடுத்தது.

இதைப் படித்ததும் 'பணம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது' என்று முடித்துவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். அடுத்த ஆண்டே, 2013-இல், அமெரிக்க அரசின் செலவுக் குறைப்பால், விழாவுக்கு அனுப்பும் விமானக் கட்டுப்பாட்டாளர்களுக்காக ஏறக்குறைய 450,000 டாலர் கட்டச் சொன்னது அந்நாட்டு விமானத் துறை. சங்கம் நீதிமன்றம் போனது. ஆனாலும் விழா நிற்கக் கூடாது என்று பணத்தைக் கட்டவும் ஒப்புக்கொண்டது. அன்பினால் மட்டும் விமானம் இறங்காது. இலாப நோக்கு இல்லை என்றால் செலவே இல்லை என்று அர்த்தமில்லை.

இதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் நாம் போடும் தண்ணீர்ப் பந்தலை நினைத்துப் பாருங்கள். ஐஸ் கட்டிக்கும் காசு வேண்டும். கொடுப்பவர் பெயரில் ஒரு பதாகை கட்டுவதில் தப்பில்லை. ஆனால் பதாகை பெரிதாகிப் பெரிதாகி, வெறுங்காலோடு நடந்து வரும் பக்தருக்குத் தண்ணீர் இருக்கும் இடமே தெரியாமல் போனால்? பந்தல் யாருக்காக என்பதை அங்கே மறந்துவிட்டோம்.

இப்போது என் வாக்கியத்துக்கு வருகிறேன். 'பலனை எதிர்பார்க்காதே' என்பது உயர்ந்த போதனைதான். ஆனால் அது நான் எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது. பணப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் பணம் போட்டவனைப் பார்த்துச் சொன்னால் அது போதனை இல்லை, வாயடைப்பு. அண்ணன் பாராட்டு கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை. தன்னை ஓர் உறுப்பினராக நடத்தச் சொன்னார். பலன் தனக்காகக் கேட்பது. கணக்கு எல்லோருக்காகவும் கேட்பது. பொதுப் பணத்தைத் தொட்டவனுக்குக் கணக்குக் காட்டுவது தர்மம். நம் நாட்டில் 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டமும் அதைத்தான் சொல்கிறது: பதிவு பெற்ற சங்கம் ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கோடு ஆண்டறிக்கையைப் பதிவிலாகாவுக்குக் கொடுக்க வேண்டும். பதிவிலாகாவுக்குக் கொடுக்கிற கணக்கை, புல் வெட்டினவருக்குக் காட்ட என்ன தயக்கம்?

கோபப்படும் உறுப்பினர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய எங்கள் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினோரு பேர். வராத பத்தொன்பது பேரில் விலகிப்போன சிலரும் உண்டு. வாய்ப்பு இருக்கும்போது கேட்காமல், பிறகு கடையில் உட்கார்ந்து குறை சொல்வதும் பொறுப்பைத் தட்டிக் கழிப்பதுதான். சந்தா கட்டினால் வாடிக்கையாளர் ஆகலாம். வந்து உட்கார்ந்து கேள்வி கேட்டால்தான் உறுப்பினர்.

நான் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிஸ்கட் டின்னில் வந்ததும் போனதும் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, சிறப்புக் கூட்டம் கூட்டினோம். இருபத்து மூன்று பேர் வந்தார்கள். 50 வெள்ளிச் சந்தாவை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள், ஒருவர்கூட எதிர்க்கவில்லை. கடைக்காரரின் பெயர் இறக்கையில் இருக்கலாம், சனிக்கிழமைத் திடல் மட்டும் கிடையாது என்று முடிவானது. அவர் ஆயிரத்தை ஐந்நூறாகக் குறைத்தார். பரவாயில்லை.

அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்டார். இரண்டுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. குறித்துக்கொண்டேன்.

நண்பர்களே, உங்கள் மன்றத்தின் அடுத்த ஆண்டுக் கூட்டம் எப்போது? போங்கள். கணக்குத் தாளைக் கையில் வாங்கிப் படியுங்கள். நீங்களே பொருளாளராக இருந்தால், யாரும் கேட்கும் முன் அதை நீட்டுங்கள்.