குறிஞ்சித்தேன் கைமாறும் வழி

ராஜம் கிருஷ்ணன் மலைக்காரர் அல்லர். 1925-இல் முசிறியில் பிறந்தவர். சிறு வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. கணவர் மின்துறைப் பொறியாளர். அவருடைய வேலை நிமித்தம் நீலகிரிக்கு வந்து, குந்தா நீர்மின் திட்டம் எழும்பிய காலத்தில் இங்கே குடியிருந்தார். அந்த வாசத்தில் விளைந்ததுதான் 'குறிஞ்சித்தேன்'. 1963-இல் வெளிவந்தது. காவிரிக்கரையிலிருந்து வந்த ஒரு பெண்ணை இந்த மலையின் படகர்கள் ஹட்டி என்னும் தங்கள் ஊருக்குள் உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள். எருமை, பால், கோயில் நெருப்பு, விதைப்பு, சாவு என்று தங்களுக்குப் புனிதமானதையெல்லாம் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறார்கள். நாவலைத் திரும்ப எடுக்கும்போதெல்லாம் கதைக்கு முன்னால் இதுதான் என் நினைவுக்கு வருகிறது.

*

மழை பிடித்துக்கொண்டால் நான் இருக்கும் லவ்டேலில் நடுப்பகலிலும் விளக்குப் போடவேண்டும். அப்படிப்பட்ட நாட்களில் படிக்க இதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியாது. குறிஞ்சி பூப்பதைக் கொண்டு காலத்தை அளக்கும் கதை இது. சின்னப் பையன் ஜோகி ஊர்க்கோயில் பணிக்கென்று வீட்டைவிட்டுப் பிரிகிறான். அவன் பெரியப்பன் மகன் ரங்கன் பணம் தேடி ஊட்டிக்கு ஓடுகிறான். பாரு மண்ணோடு ஒட்டிக்கொண்டவள். இவர்கள் வளர வளர எருமை மேய்ந்த சரிவுகளில் உருளைக்கிழங்கு ஏறுகிறது, பிறகு தேயிலை. கடைசியில் அணைக்கட்டும் மின்சாரமும் வருகின்றன.

பின்பாதியில் பகையும் வழக்குமாகக் கதை வேகம் எடுக்கிறது. எனக்கு முன்பாதியின் நிதானமே பெரிது. அங்கே நாவலாசிரியை எதையும் விளக்க அவசரப்படுவதில்லை. பால் கறப்பது ஒரு வழிபாடு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாமல், கறக்கும் கையின் பக்கத்திலேயே நம்மை நிற்க வைக்கிறார். இந்தப் பொறுமை ஒருவருக்கு ஊரோடு உட்கார்ந்து கேட்டால்தான் வரும். பின்னாளில் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடமும் கடலோர மீனவர்களிடமும் போய் அவர் இப்படித்தான் கேட்டார்.

*

1908-இல் ஊட்டிவரை நீண்ட மலை ரயில், லவ்டேலில்தான் தன் பாதையின் உச்சத்தைத் தொடுகிறது. இங்கிருந்து ஊட்டிக்கு இறக்கம். கேத்தி தாண்டி வண்டி ஏறும்போது ஜன்னலோரத்தில் எல்லோரும் போனை நீட்டுவார்கள். கீழே படிப்படியாகக் கேரட் பாத்திகள், நடுவே நெருக்கமாக வீடுகள். 'எவ்வளவு அழகு' என்பார்கள். அழகுதான். ஆனால் அந்த வீடுகளுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு மொழி உண்டு, ஹெத்தெ அம்மன் உண்டு, போன தலைமுறையில் விற்ற எருமையின் பேர்கூட நினைவில் உண்டு. படத்தில் இது எதுவும் விழாது. அதனால்தான் பையில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு நான் ரயில் ஏறுகிறேன். எதிர் இருக்கைக்காரர் தமிழ் படிப்பவர் என்று தெரிந்தால், “இந்த மலையைப் பத்தின நாவல், வெச்சுக்குங்க” என்று கொடுத்துவிடுவேன். சிலர் விலை கேட்பார்கள். சிலர் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ஏதோ மதப் பிரசாரம் என்று நினைத்துத் திருப்பித் தந்தவர்களும் உண்டு. அதுவும் நியாயம்தான்.

என் பேரையோ முகவரியையோ புத்தகத்தில் எழுதுவதில்லை. தெரிந்தவருக்குக் கொடுத்தால் அடுத்த சந்திப்பில் 'படிச்சாச்சா' என்ற கேள்வி நடுவில் வந்து நிற்கும். அவரும் மரியாதைக்காகவாவது நன்றாக இருந்தது என்பார். தெரியாதவருக்கு அந்தப் பாரம் இல்லை. அவர் படிக்கலாம், படிக்காமல் இருக்கலாம், பழைய பேப்பர் கடையில் போடலாம். புத்தகம் அதன்பாட்டுக்குப் போகட்டும்.

*

ஒரே ஒரு பிரதி மட்டும் என்னிடமே திரும்பி வந்தது. கேத்திப் பக்கத்து ஹட்டியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், லவ்டேல் பஸ் நிறுத்தத்தில் அடையாளம் கண்டுகொண்டு கொடுத்தார். “முழுசாப் படிச்சேன் சார். சிலது எங்க ஊர்ல அப்படி இல்ல. எழுதி வெச்சிருக்கேன், பாருங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். பக்க ஓரங்களில் பென்சில் எழுத்து, வாத்தியார் கைக்கே உரிய வட்டமான எழுத்து. விதைப்பு நாளைப் பற்றிய இடத்தில், 'எங்கள் பாட்டி செய்தது வேறு மாதிரி' என்று தொடங்கி ஓரம் போதாமல் அடிப்பகுதி முழுக்க எழுதியிருந்தார். ஓரிடத்தில் 'இது சரி' என்று மட்டும். தாயைப் பிரிந்து பையன் கோயிலுக்குப் போகும் இடத்தில் எந்தக் குறிப்பும் இல்லை, ஒரு செங்குத்துக் கோடு மட்டும் பக்கம் நெடுக இருந்தது.

அந்தப் பிரதியை மட்டும் நான் யாருக்கும் தருவதில்லை. இப்போது மறுபடி படிப்பது அதைத்தான். ஊருக்கு வெளியிலிருந்து வந்தவர் எழுதியதும் ஊருக்குள் இருப்பவர் திருத்தியதும் ஒரே பக்கத்தில் இருப்பது எனக்கு நிறைவாக இருக்கிறது. ஒரு சமூகத்தைப் பற்றி வெளியார் எழுதலாமா என்று கேட்கிறார்கள். எழுதலாம். எழுதியது அந்தச் சமூகத்தின் கைக்கும் வந்துசேர வேண்டும், அவர்கள் பென்சில் எடுக்க ஓரத்தில் இடமும் விட்டிருக்க வேண்டும்.

*

கடைசிக் காலத்தில் ராஜம் கிருஷ்ணன் முதியோர் இல்லத்தில் இருந்தார். 2009-இல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. எழுத்தாளர் மறைந்த பிறகே நடக்கும் வழக்கம் அது. அவருக்கு உயிரோடு இருக்கும்போதே நடந்தது. 2014 அக்டோபரில் சென்னையில் காலமானார். சாகித்ய அகாதெமி பரிசு வாங்கியவர் முதியோர் இல்லத்தை நாடும் நிலைக்கு வந்தது இன்னமும் எனக்கு ஆறவில்லை. ஆனாலும் அந்த அரசாணையால் 'குறிஞ்சித்தேன்' இன்று எல்லோருடைய சொத்து. யாரும் அச்சிடலாம், யாரும் யாருக்கும் கொடுக்கலாம்.

2018-இல் நீலக்குறிஞ்சி பூத்தபோது மூணாறு மலைப்பாதையில் கார்கள் வரிசைகட்டி நின்றன. அடுத்து 2030 என்கிறார்கள். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. நீலகிரிக்கு வர டிக்கெட் எடுக்கும்போதே இந்த நாவலையும் வாங்கிவிடுங்கள். இரண்டு பிரதியாக வாங்குங்கள். ஒன்றைப் படித்துக்கொண்டே வாருங்கள், மற்றதை எதிரில் இருப்பவரிடம் கொடுங்கள்.