யாருடைய நெஞ்சு?

அன்பினால் செய்யும் அநியாயத்தை நாம் அநியாயம் என்றே நினைப்பதில்லை.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் நண்பர் சர்க்கரை நோயாளி. அவருடைய இருதயக் குழாய்கள் மூன்றில் அடைப்பு என்று தெரிந்தது. ஸ்டென்ட் வைப்பதா, பைபாஸ் செய்வதா என்று வீட்டில் கூடிப் பேசினார்கள். நோயாளியை மட்டும் கேட்கவில்லை. "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், மாமா. பயந்துவிடுவார்" என்றான் மகன். ஸ்டென்ட்தான் என்று முடிவும் செய்துவிட்டார்கள். மார்பைப் பிளப்பதை நினைத்துப் பார்க்கவே அவர்களுக்கு நடுக்கம். அவர்கள் தவிர்க்க நினைத்தது அவருடைய வலியையா, தங்கள் பயத்தையா?

பைபாஸ் சென்னைக்குப் புதிதல்ல. 1975-இல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷனைச் செய்தார். காலிலிருந்தோ மார்பிலிருந்தோ எடுத்த குழாயைக் கொண்டு, அடைப்பைச் சுற்றி இரத்தத்துக்குப் புறவழி போடுவது அது. ஆறித் தேற மாதங்கள் ஆகும். ஸ்டென்டோ, கை வழியாகச் செலுத்தும் சிறு வலைக்குழாய்; அடைப்பை விரித்துப் பிடித்து நிற்கும். சில நாளில் வீடு திரும்பலாம்.

எளியதே நல்லதாகிவிடுமா? சர்க்கரை நோயும் பல குழாய்களில் அடைப்பும் உள்ள 1,900 பேரைக் கொண்டு நடந்த 'ஃப்ரீடம்' ஆய்வு 2012-இல் வெளிவந்தது. ஐந்தாண்டுக் கணக்கில், ஸ்டென்ட் வைத்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 16 பேரும், பைபாஸ் செய்துகொண்டவர்களில் சுமார் 11 பேரும் இறந்தார்கள். பக்கவாதமோ ஸ்டென்டில் 2.4 சதவீதம்; பைபாஸில் 5.2.

இந்தக் கணக்கை டாக்டர் சொல்லலாம். ஆனால் சாவுக்கு அதிகம் அஞ்சுவதா, கை விளங்காமல் கிடப்பதற்கு அதிகம் அஞ்சுவதா என்பதை எந்த ஆய்வு சொல்லும்? லேத் பிடித்து வாழ்கிறவனுக்குக் கை ஒரு விலை. பென்ஷன் வாங்கி வாழ்கிறவனுக்கு வேறு விலை. நான் மகனிடம் சொன்னது இதைத்தான்.

மாரடைப்பு வந்து துடிப்பவரிடம் விவாதம் நடத்த நேரமில்லை, அது வேறு. "எனக்கு ஒன்றும் தெரிய வேண்டாம், நீங்களே பாருங்கள்" என்று ஒருவர் சொன்னால் அதுவும் அவர் செய்த முடிவுதான். ஆனால் அதை அவர் வாயால் கேட்க வேண்டும். நாம் தைரியமில்லாதவர்கள் என்பதற்காக அவரையும் கோழையாக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?