தகரமும் அணியும்: கழிபொருட் கலை பற்றிய ஓர் அறவினா

ஒருவன் போற்றும் பொருள்களைக் கொண்டு அவனை அறியலாம் என்பர். அவன் எறியும் பொருள்களைக் கொண்டும் அறியலாம். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. மாரிக்காலத்தில் முகத்துவாரம் வெட்டப்படும்போது அதன் வழியே கடலைச் சேர்வது வெள்ளம் மட்டுமன்று. மீன் ரின்னும், குளிர்பானப் பேணியும், பால்மாப் பையும், பிஸ்கற் உறையும் உடன் செல்கின்றன. இத்தகைய கழிபொருள்களைத் திரட்டித் தோடும் பதக்கமும் சுவரணியும் ஆக்கும் கலை இன்று உலகின் பல பாகங்களிலும் பரவியுள்ளது. இக்கலை நம் முன் ஒரு வினாவை எழுப்புகின்றது. கழித்ததை அழகாக்குதல் அறச்செயலா? அன்றிக் கழித்த குற்றத்தை மறைக்கும் ஒப்பனையா?

ஒரு பொருளின் மதிப்பு அதன் இயல்பிலேயே அமைந்துள்ளது என்னும் கருத்தை முதற்கண் நோக்குவோம். இன்று பேணியாகவும் உறையாகவும் எறியப்படும் அலுமினியம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரும்பொருளாக விளங்கிற்று. பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அதனால் அணிகலன்கள் செய்யப்பட்டன. 1884இல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் அலுமினியத்தாலான முனையொன்றைப் பெருமையுடன் பொருத்தினர். 1886இல் ஹோல், எரூ என்னும் இருவரும் தனித்தனியே மின்பகுப்பு முறையைக் கண்டறிந்தபின் அதன் விலை வீழ்ந்தது. அன்று அரசவையில் ஒளிர்ந்த உலோகமே இன்று வாவிக்கரையில் மிதிபடுகின்றது. உலோகம் மாறவில்லை, அதன் அருமை மாறிற்று. எனவே, “பொன் உயர்ந்தது, தகரம் தாழ்ந்தது” என்னும் கூற்று பொருளைப் பற்றியதன்று, நம்மைப் பற்றியதே எனலாம்.

நம் கூத்தர் இவ்வுண்மையை நன்கறிவர். வடமோடிக் கூத்தில் அரசன் அணியும் முடியும் மார்புப் பதக்கமும் மரத்தாலும் வண்ணத்தாளாலும் கண்ணாடித் துண்டுகளாலும் ஆனவை. அரங்கேற்ற இரவில் வட்டக்களரியைச் சூழ்ந்திருப்போர் யாவரும் அது பொன்னன்று என்பதை அறிவர். முடிதரித்து நிற்பவன் பகலில் தம்மோடு வயலில் உழைப்பவன் என்பதையும் அறிவர். ஆயினும் அவர்கள் அங்கு அரசனையே காண்கின்றனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலியவற்றைப் பேராதனையில் தயாரித்தளித்தபோது பல்கலைக்கழக அவையும் அம்மரபின் அழகை உணர்ந்தது. இங்கே ஏமாற்றுவாரும் இல்லை, ஏமாறுவாரும் இல்லை. தகரம் பொன்னென நடிக்குமாயின் அது பொய். தகரமாகவே நின்று ஒளிருமாயின் அது கலை.

அடுத்து உழைப்பை நோக்குதல் வேண்டும். பேணியின் மேலும் கீழும் நீக்கி, பொருத்தின் வழியே வெட்டி, தட்டித் தட்டையாக்கி, விளிம்பை அராவி, பின்புறத்தில் மழுங்கிய முனையால் அழுத்தி முன்புறத்திற் பூவேலை எழுப்புவர். கூர்விளிம்பு கையைக் கிழிப்பது இத்தொழிலில் இயல்பு. ஒரு கண்காட்சியில் இத்தகைய தோடொன்றின் விலையைக் கேட்ட யான், “இது வெறுந் தகரந்தானே!” என்றேன். அதனைச் செய்த பெண் மறுமொழி கூறவில்லை. மேசைமேலிருந்த தன் விரல்களை மெல்ல மடித்துக்கொண்டாள். அவற்றிற் கீறல்கள் இருந்தன. கேட்ட விலையையே கொடுத்தேன். ஆயினும் சொன்ன சொல்லை மீட்டுக்கொள்ள முடியவில்லை. பொருள் இலவசமாகக் கிடைத்தது என்பதால் உழைப்பையும் இலவசமாகக் கருதுவோமாயின், பேணியை எறிந்தது போலவே அதனை அணியாக்கிய கையையும் எறிந்தவராவோம்.

இனி மறுப்பொன்று உளது. கழிபொருள் அழகாகலாம் என்ற எண்ணம் மேலும் கழிப்பதற்கு நமக்குத் துணிவளிக்காதா என்பர் ஒருசாரார். இம்மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இன்றைய உறைகளில் பிளாஸ்ரிக்கும் அலுமினியப் படலமும் ஒன்றோடொன்று ஒட்டியுள்ளமையின் அவற்றைப் பிரித்தெடுத்தல் அரிது. அவ்வுறையைக் கீற்றுக் கீற்றாக மடித்து மாலை கோத்தாலும், அது குப்பையாவதைச் சில காலம் தாமதிக்கின்றோமேயன்றித் தவிர்த்தோமல்லோம். உணவும் மருந்தும் அல்லாத பொருள்களின் 20 மில்லிலீற்றருக்கு மேற்படாத சிறு பொதிகளுக்கு இலங்கையில் 2021இல் விதிக்கப்பட்ட தடை போன்ற ஒரு விதி, செவ்வனே பேணப்படின், ஆயிரம் மாலைகளிலும் மேலான பயனைத் தரும்.

அவ்வாறாயின் இக்கலை வீணோ? அன்று. சண்டிகார் நகரை அமைப்பதற்காகப் பல சிற்றூர்கள் இடிக்கப்பட்டன. வீதிப் பரிசோதகரான நெக் சந்த் அவ்விடிபாடுகளையும் உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் சேர்த்து, பல்லாண்டுகள் பிறரறியாமல் ஒரு சிற்பத் தோட்டத்தை ஆக்கினார். அது 1976இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அச்சிற்பங்கள் இழந்த ஊர்களைத் திருப்பித் தரவில்லை. ஆனால் அவை இடிக்கப்பட்டதை மறக்கவும் விடவில்லை. கழிபொருட் கலையின் கடமை இதுவே: குப்பையைத் தீர்ப்பதன்று, குப்பையை நாம் காணுமாறு செய்வது. இக்கலைஞனின் நேர்மையை அறிவதற்கு ஒரு வினா போதும். நாளை உறைகள் வருவது நின்றுபோயின் அவன் மகிழ்வானா, வருந்துவானா? மகிழ்பவனே உண்மைக் கலைஞன். மணி கோப்பதற்கெனப் புதிய உறைகளை விலைகொடுத்து வாங்குவோன் வணிகன்.

வாவிக்கரை ஊர்கள் பலவற்றில் வைகாசித் திங்களிற் குளிர்த்தி பெறும் கண்ணகியின் கதையே ஓர் அணியின் கதை. இரு சிலம்புகளும் புறத்தே ஒத்திருந்தன. பொன்னாலாயது என்பதால் எதுவும் கோவலனைக் காக்கவில்லை. உடைத்த பின்னரே அரசியின் சிலம்பில் முத்தும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் எனும் உண்மை புலனாயிற்று. அணியின் உள்ளே யாதுளது எனக் கேட்பது நமக்குப் புதிதன்று. தகரத் தோட்டினையும் அவ்வாறே கேட்போம். அதனுள்ளே செய்தவளுக்கு உரிய கூலியும், அடுத்த பேணியை எறியுமுன் சற்றே தயங்கும் நம் கையும் இருக்குமாயின் அஃது அணியே. இவ்விரண்டும் இல்லையாயின், அது காதில் தொங்கும் குப்பையேயாகும்.